விண்ணப்பம் போட்ட தேதி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் உரிமத்துக்கான விண்ணப்பங்கள் காகிதத்திலிருந்து இணையத்துக்கு மாறியதைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இனிமேல் யாரும் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை என்று முடித்திருந்தீர்கள். மெய்தான், நாங்கள் அலையவில்லை. என் கொழுந்தன் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி வைக்க உரிமம் கேட்டு, அலையாமல் உட்கார்ந்த இடத்திலேயே பதினேழு மாதம் போய்விட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1984-லிருந்து 2018 வரை ராமேசுவரத்தில் ஓர் அரசு அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், தமிழ்த் தட்டச்சுப் பொறி வைத்து மனு அடித்துக் கொடுத்தவள். ராமநாதபுரத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது பக்கத்துக்கு இரண்டு ரூபாய். படகு உரிமம், டீசல் மானியம், வலை சேதம், இலங்கைச் சிறையில் கிடக்கும் மகனை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டருக்கு மனு, எல்லாம் இந்தக் கை அடித்ததுதான். கரையில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. டைப்பக்கா என்றால் தெரியும். இப்போது தங்கச்சிமடத்தில் வீட்டு முன்னறையில் மருமகள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் அடிப்பதில் பிழை பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிக்காது.

அந்தப் பழைய பொறியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு. உப்புக் காற்றில் அச்சுக் கம்பிகள் துருவேறி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். வாடைக் காலத்தில் ரிப்பன் நமுத்துப்போய் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒரே மாதிரி விழும். ஒவ்வொரு மனுவும் மூன்று படி, இடையில் இரண்டு கார்பன் தாள். அசல் அலுவலகத்துக்கு, இரண்டாவது சங்கத்துக்கு, மூன்றாவது மனுக்காரருக்கு. அந்த மூன்றாம் படியில் எழுத்து புகை படிந்த மாதிரி இருக்கும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. யாரும் படிக்கவும் மாட்டார்கள். தபால் பிரிவு ஜன்னலில் நீட்டினால், உள்ளே இருப்பவர் முத்திரைக் கட்டையை ஊதா மைப் பஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, தாளில் ஒரு குத்துக் குத்துவார். சுற்றி அலுவலகத்தின் பெயர், நடுவில் தேதி. "ஊதா வட்டம் விழுந்துருச்சாக்கா?" என்று கேட்பார்கள். விழுந்துவிட்டதென்றால் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு புயலுக்குப் பிறகு, கடைசித் தேதி தாண்டி வந்த மனு என்று சொல்லி ஒரு வல்லக்காரருக்கு நிவாரணம் இல்லை என்றுவிட்டார்கள். அவர் வீட்டம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சள் கறை படிந்த மூன்றாம் படியை எடுத்து வந்தார். எழுத்து ஒன்றும் புரியவில்லை. வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முந்திய தேதியோடு. மூன்றாம் வாரம் பணம் கைக்கு வந்தது. அந்தம்மா எனக்கு ஒரு கூடை சங்காயம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பொடி மீன்தான், ஆனால் அன்றைய குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்போது என் கொழுந்தன் கதை. பெண்கடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், இழுவைமடி வலை போட்டுக்கொண்டிருந்தவன். அதை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போங்கள் என்று 2017-இல் ஒரு திட்டம் வந்ததல்லவா? படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. இவனும் மனைவி நகையை வைத்து எட்டு லட்சம் புரட்டிப் படகு எடுத்தான். பழைய தொழிலில் காலையில் போனால் மறுநாள் காலையில் கரை. சூரைக்குப் போனால் மூக்கையூரில் கிளம்பிப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். கரை மறைந்த கொஞ்ச தூரத்தில் செல்போன் சும்மா பாட்டுப் பெட்டி. படகில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் கண்ணுக்கெட்டும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் பேசும். அதற்கு அப்பால் வானத்தைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 30-இல் பிரதமர் மகாராஷ்டிரத்துப் பால்கரில் தொடங்கிவைத்த திட்டத்தில், 13 கரையோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியைக் கொடுக்கிறார்கள். செலவு சுமார் 360 கோடி. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தென்றால் கரைக்குச் செய்தி அனுப்பும். கச்சத்தீவுப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் என் கொழுந்தன் கேட்டது வாய்விட்டுப் பேசுகிற கருவி. ஒரு தடவை கடலில் ஒருவனுக்கு நெஞ்சுவலி வந்தபோது, எந்த மாத்திரை கொடுப்பது என்று டாக்டரைக் கேட்கக்கூட வழியில்லை. ஆள் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

இந்தக் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே வழக்கு. முன்பு 1885-ஆம் வருடத் தந்திச் சட்டமும் 1933-ஆம் வருட வயர்லெஸ் சட்டமும். அவற்றுக்குப் பதிலாக வந்தது 2023-ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம். இலங்கை இத்தனை பக்கத்தில் இருக்கும் எங்கள் கரையில் அந்தக் கெடுபிடி நியாயம்தான். அதனால் கருவிக்கு முன்பணம் மட்டும் கட்டி டீலர் கடையிலேயே விட்டுவிட்டு, முறைப்படி விண்ணப்பம் போட்டோம். எந்தத் துறை, எந்த இணையதளம் என்று எழுதவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை.

2024 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், எல்லாக் காகித வேலையும் அப்போதுதான் நடக்கும். கொழுந்தன் முன்னறையில் வந்து உட்கார்ந்தான். மருமகள் பதினோரு ஆவணம் ஏற்றினாள். ஒவ்வொன்றும் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு. படகுப் பதிவுச் சான்றைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் படகு எண்ணே தெரியாத அளவுக்குச் சுருங்கிப்போனது, ஆனால் தளம் ஏற்றுக்கொண்டது. ஓர் எண் வந்தது. அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன மதினி, வட்டத்தைக் காணோம்?" என்றான். இப்பெல்லாம் அப்படித்தான் தம்பி, எண்தான் வட்டம் என்றேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் திருப்பி அனுப்பினார்கள், போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று. மாற்றிப் போட்டோம். நான்கு மாதம் கழித்து ஜனவரியில் இன்னொரு குறை: படகுப் பதிவில் தகப்பனார் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. எங்கள் பக்கத்துப் பெயர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கோயிலில் சவேரியார் என்று ஞானஸ்நானம் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் சேவியர் ஆகிவிடும். சூசை ஜோசப் ஆவார், ராயப்பன் பீட்டர் ஆவார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் சான்று வாங்குவது இங்கே அன்றாடம் நடப்பது. இந்தக் குறை செப்டம்பரிலேயே அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதே பக்கங்களைத்தானே பார்த்தார்கள்? ஒரு குறை சொல்லி நான்கு மாதம், அடுத்த குறை சொல்லி இன்னொரு வரிசை. காகித காலத்தில் குறிப்பு எழுதும் எழுத்தர்கூட ஏழு குறையையும் ஒரே தாளில் எழுதி முகத்தில் விட்டெறிவார். வாங்கிக்கொண்டு போய் ஒரே நாளில் சரி செய்துவிட்டு வருவோம்.

பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. மருமகள் அன்றே பார்த்துவிட்டாள். ஒரே பெயர்தான் என்ற சான்று மூன்றாவது நாளே கையில் வந்துவிட்டது. ஏற்றப் போனால் ஓ.டி.பி. கேட்கிறது. அது எந்த போனுக்கு வரும்? ஆதாரில் இணைத்த போனுக்கு. அந்த போன் எங்கே? படகில். படகு எங்கே? மின்னஞ்சல் வந்ததற்கு முந்தின நாள்தான் மூக்கையூரில் கிளம்பிப் போயிருந்தது. சிக்னல் எட்டாத இடத்துக்குப் போவதால்தானே செயற்கைக்கோள் கருவி கேட்கிறான்? அதைக் கேட்கும் விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லச் செல்போன் சிக்னல் வேண்டும் என்கிறார்கள். எங்கள் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை டவர்கூடக் கூப்பிட்டு நல்வரவு சொல்லும். ஓ.டி.பி. மட்டும் வராது.

அந்தத் தடவை மீன் சரியில்லை, நாலைந்து நாள் கூடுதலாகக் கடலில் இருந்துவிட்டான். மின்னஞ்சல் வந்த பதினாறாம் நாள் பொழுது சாய்ந்து கரைக்கு வந்தான். தளத்தைத் திறந்தால் 'பதில் இல்லாததால் முடித்துவைக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் ஒரு வார்த்தை கிடையாது. பிப்ரவரியில் மறுபடி முதலிலிருந்து போட்டோம். புது எண், புதுத் தேதி. ஜூலையில் உதவி எண்ணுக்கு அழைத்தபோது ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசியது. "உங்க அப்ளிகேஷன் பிப்ரவரிலதானே வந்துருக்கு மேடம்? அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் இன்னும் நிறைய இருக்கு" என்றது. பழைய எண்ணைச் சொன்னேன். அது முடிந்துபோன கோப்பு, தன் திரையில் தெரியாது என்றது. ஒன்பது மாதக் காத்திருப்பை அழித்துவிட்டுக் கடைசி ஆளாகப் போய் நில் என்கிறார்கள்.

இதில் ஒரு அநியாயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் படகுகள் சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குப் போவதில்லை. அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். எந்தப் படகு எந்தத் தேதியில் போனது, எத்தனை பேர் போனார்கள் என்று அரசின் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. இவன் கடலில் இருக்கிறான் என்று ஒரு துறை எழுதி வைத்திருக்கும்போது, இவன் கூப்பிட்டும் வரவில்லை என்று இன்னொரு துறையின் இயந்திரம் கோப்பை மூடுகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னையில் சின்னச் செயற்கைக்கோள் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். (கலாம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ராக்கெட் பக்கம்தான் போவார்கள் என்று நினைக்காதீர்கள். பேக்கரும்பில் அவர் நினைவிடத்துக்கு எதிரே சங்கு வளையல் விற்கிறவர்கள்தான் அதிகம்.) திருவிழாவுக்கு வந்தவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தனியார் செயற்கைக்கோள்களுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பு அகமதாபாத்தில் இருக்கிறது, 2022 ஜூனில் திறந்தது, நாங்கள் எல்லா விண்ணப்பத்தையும் இணையத்தில்தான் போடுகிறோம், ஒரு தடவைகூட அகமதாபாத் போனதில்லை என்றான். பிறகு, "பெரியம்மா, எங்க தொழில்லயும் தேதிதான் உசுரு" என்று ஒன்று சொன்னான்.

வானத்தில் அலைவரிசைக்கு இடம் பிடிப்பதை ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பதிவு செய்கிறது. அங்கே கம்பெனிகள் நேராகப் போக முடியாது, அந்தந்த நாட்டு அரசுதான் அனுப்ப வேண்டும். பெரும்பாலான அலைவரிசைகளில் யாருடைய கோரிக்கை முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்கு முன்னுரிமை. பின்னால் வருகிறவர் முன்னால் வந்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடத்துக்குள் செயற்கைக்கோளை இயக்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பிடித்த இடம் போய்விடும். அந்த ஏழு வருடத்தை எண்ணுவதும் கோரிக்கை போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான். 2018 முதல் அந்தக் கோரிக்கைகளையும் இணையம் வழியாகவே வாங்குகிறார்கள். கேட்டதும் எனக்குத் தபால் ஜன்னலின் ஊதா மை வாசனை வந்தது.

மருமகள் கம்ப்யூட்டரில் இன்னொன்றையும் திறந்து காட்டினான். எஃப்.சி.சி. என்கிற அமெரிக்க ஆணையத்தின் தளம். ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி 4,425 செயற்கைக்கோள்களுக்கு அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பம். அதன் எண்ணில் முன்னால் ஏதோ ஆங்கில எழுத்துகள், கடைசியில் 00118. நடுவில் இருப்பதைப் பாருங்கள்: 20161115. 2016 நவம்பர் 15, விண்ணப்பம் போட்ட நாள். எண்ணுக்குள்ளேயே தேதி! யாரும் அழிக்க முடியாது, யாரும் மறைக்க முடியாது. 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்ததும் அந்த எண்ணில்தான். அறிவிப்பு வந்து முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் மறுப்புச் சொல்லலாம். சொன்னவர்கள் எழுதிய கடிதங்களும் அந்த எண்ணின் கீழேயே கிடக்கின்றன. என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கடவுச்சொல் எதுவும் இல்லாமல், நான் அதைப் பார்த்தேன். என் கொழுந்தனுடைய கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

ஆகவே இணையம் வேண்டாம் என்று இந்தக் கிழவி சொல்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். காகித காலம் ஒன்றும் பொற்காலமில்லை. வயர்லெஸ் உரிமத்துக்காக சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சென்னை போய், "சார் லீவு" என்ற பதிலோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். டீச் செலவு என்ற பெயரில் கைமாறிய காசும் தெரியும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினோம். அந்தக் காலத்தில் உட்கார்ந்த இடத்தில் விண்ணப்பம் போட முடிந்தது பெரிய உபகாரம். நான் கேட்பது அந்த ஊதா வட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள் என்றுதான். முதல் தடவை போட்ட தேதி அந்த ஆளுக்குச் சொந்தம். குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், தமிழில் சொல்லுங்கள். எத்தனை தடவை திருத்தினாலும், கோப்பை மூடி மறுபடி திறந்தாலும், வரிசையில் அவன் நின்ற இடம் அவனுக்கே இருக்கட்டும். கடலில் இருக்கும் நாளைக் கெடுவில் எண்ணாதீர்கள். போனதற்கும் வந்ததற்கும் உங்களிடமே கணக்கு இருக்கிறது. ஓ.டி.பி.க்கு இரண்டாவதாக ஒரு வீட்டு எண் கொடுக்க இடம் வையுங்கள். வங்கிக் கணக்குக்கே வாரிசு எழுத இடம் இருக்கும்போது இதற்கு இல்லையா?

2025 ஜூனில், செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது, ஜூலையில் இன்-ஸ்பேஸும் அனுமதி கொடுத்தது. செய்தியைப் படித்துவிட்டு என் கொழுந்தன், "அவுகளுக்கு ஆகாசம் முழுக்கக் கொடுத்துட்டாக, எனக்கு ஒரு டப்பாவுக்கு இம்புட்டு யோசிக்கிறாக" என்றான். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இந்தக் கடிதம் அடிக்கும் இன்று காலையில் தளத்தைத் திறந்து பார்த்தோம். 'பரிசீலனையில்' என்று இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று இல்லை. கொழுந்தன் திங்கட்கிழமை சூரைக்குக் கிளம்பிவிட்டான். குறை கேட்டு மின்னஞ்சல் வந்தால் போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, தன் செல்போனை என் வீட்டு மேசையில் சார்ஜ் போட்டு வைத்துவிட்டு, கையில் போன் இல்லாமல் கடலுக்குப் போயிருக்கிறான்.

இப்படிக்கு,
முன்னாள் தட்டச்சர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம். டைப்பக்கா என்று போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும், அதையும் தலைப்பில் போட வேண்டாம்.)